சிங்கப்பூருக்கு ஐந்து நாள் பள்ளிப் பயணம்: பிள்ளைகள் நிஜமாகவே வளர என்ன செய்யலாம்?

செம்பருத்தி டீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சென்னைப் புறநகர்ப் பள்ளி ஒன்றிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரை ஜனவரிக் கடைசியில் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறோம். நான்கு இரவு, ஐந்து பகல். கூட வரும் ஆசிரியர்கள் 4 பேர், அதில் 2 பேர் பெண்கள். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த திட்டம் இது: முதல் நாள் மெர்லயன் சிலை, இரண்டாம் நாள் யூனிவர்சல் கேளிக்கைப் பூங்கா, மூன்றாம் நாள் செந்தோசா தீவு, நான்காம் நாள் கார்டன்ஸ் பை தி பே தோட்டம், சாயங்காலம் முஸ்தபா கடையில் ஷாப்பிங், ஐந்தாம் நாள் விமானம். முழுக்க ஏசி பஸ். மதியமும் ராத்திரியும் இந்தியன் பஃபே.

சுற்றறிக்கையில் "தன்னம்பிக்கையும் பொறுப்புணர்வும் வளரும்" என்று நாங்களே அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். இப்போது தாளாளர், "வளர்ந்ததை எப்படிக் காட்டப் போறீங்க? போட்டோ ஆல்பம் கொண்டுவந்து நீட்டாதீங்க" என்கிறார். கேட்பது நியாயம்தான்.

திட்டத்தில் எதை மாற்ற வேண்டும், புறப்படுவதற்கு எத்தனை வாரம் முன்னால் தயாரிப்பைத் தொடங்க வேண்டும், திரும்பி வந்தபின் எதை வைத்துக் கணிப்பது? முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் முதல் விமானம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். பொதுவான அறிவுரை வேண்டாம், செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

நடைவண்டி

திட்டத்தைப் பார்த்தேன் டீச்சர். ஐந்து நாளில் பிள்ளைகள் தாங்களாக முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. ஓட்டல் வாசலில் பஸ் ஏறி, பார்க்கிற இடத்தின் வாசலில் இறங்கி, தலை எண்ணி, தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறுகிறார்கள். 36 சூட்கேஸோடு இன்னும் 36 சூட்கேஸ் போய்வருகிற மாதிரி.

இடங்களில் பெரிதாகக் கை வைக்க வேண்டாம், போகும் விதத்தை மாற்றுங்கள். யூனிவர்சல் இருப்பதே செந்தோசாவில்தான். அதற்கு எதற்கு இரண்டு நாள்? ஒரே நாளில் அடக்குங்கள். அந்த நாளுக்கும் விமான நிலையம் போய்வரவும் மட்டும் பஸ். மிச்ச நாட்கள் ரயில், நடை.

குழுவுக்கு ஆறு பேர், மொத்தம் ஆறு குழு. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டிய மூன்று பேரை எழுதித் தரட்டும், அதில் ஒருவர் மட்டும் நிச்சயம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்கு நெருங்கிய சிநேகிதர்கள் ஒரே குழுவில் விழுந்தால் மற்ற இரண்டு பேரும் பயணம் முழுக்க வால்தான்.

குழுவுக்குள் ஆறு வேலை: வழி பார்ப்பவர், காசு வைத்திருப்பவர், நேரம் பார்ப்பவர், வெளியாட்களிடம் பேசுபவர், தலை எண்ணுபவர், குறிப்பெழுதுபவர். தினமும் காலையில் வேலை மாறும். பேசுகிற வேலை யாருக்கோ அவர் மட்டும்தான் அன்று கடைக்காரரிடமும் நிலைய ஊழியரிடமும் வாய் திறக்கலாம். இந்தக் கெடுபிடி இல்லாவிட்டால், ஆங்கிலம் சரளமாக வருகிற ஒரு பிள்ளை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும், மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே நடப்பார்கள். வாய் திறக்காத பிள்ளைக்குப் பேசுகிற வேலையை முதல் நாளே கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் கொடுங்கள். அதற்குள் மற்றவர்கள் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பது காதில் விழுந்திருக்கும்.

தயாரிப்புக்கு ஆறு வாரம் வேண்டும், வாரம் ஒரு பீரியட் போதும். சில விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரயில் வரைபடம்: சிங்கப்பூர் ரயில் படத்தை ஏ3 தாளில் குழுவுக்கு ஒன்றாக அச்சடித்துக் கொடுத்து, ஐந்து வழிகளை விரலால் போய்க் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்தான். போக வேண்டிய நிலையத்தின் பெயரை நடைமேடையில் தேடுவார்கள், ஆனால் அங்கே பெரிதாக எழுதியிருப்பது அந்தத் தடத்தின் கடைசி நிலையத்தின் பெயர். லிட்டில் இந்தியாவிலிருந்து பேஃபிரண்ட் போக டவுன்டவுன் தடத்தில் ரோச்சோர், பூகிஸ், புரோமனேட் தாண்டி நான்காவது நிறுத்தம். புக்கிட் பாஞ்சாங் என்று போட்டிருக்கும் பக்கம் ஏறினால் நேர் எதிர்த்திசை. கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்துத் திசை பிடிக்கிற பழக்கத்தை இங்கேயே கொண்டுவந்துவிடுங்கள்.

பை: அவரவர் பையை அவரவரே கட்ட வேண்டும், அம்மா தொடக்கூடாது. கட்டிய பையோடு பள்ளிக்கு வந்து மூன்று மாடி ஏறி இறங்கட்டும். அடுத்த வாரம் பை தானாக இளைத்துவிடும். புது ஷூ வாங்குகிறவர்கள் இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுப் பழக வேண்டும். அங்கே நாளுக்குப் பன்னிரண்டாயிரம் அடிக்குக் குறையாமல் நடை, கொப்புளம் வந்தால் பிள்ளை முடங்கிவிடும்.

சென்னை மெட்ரோ ஒத்திகை: நான்காவது வாரம் ஒரு சனிக்கிழமை. திருமங்கலத்தில் ஏறி ஆலந்தூரில் மாறி விமான நிலையம் வரை. டிக்கெட் எடுப்பது, தடம் மாறுவது, நேரத்துக்கு வந்து சேர்வது எல்லாம் குழுவின் பொறுப்பு. ஆசிரியர் இருபது அடி பின்னால், வாயை மூடிக்கொண்டு. இந்த ஒத்திகை பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவையோ அதே அளவு ஆசிரியர்களுக்கும் தேவை. "அந்தப் பக்கம் இல்லப்பா" என்று சொல்லாமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும்.

ஒரு ராத்திரி: ஐந்தாவது வாரம் பள்ளியிலேயே ஒரு ராத்திரி தங்க வையுங்கள், போன் இல்லாமல். வீட்டை விட்டுத் தூங்க முடியாதவர்கள் யார், காலையில் எழுப்பினாலும் எழாதவர்கள் யார் என்பது அன்றே தெரிந்துவிடும். சிங்கப்பூர் ஓட்டலில் ராத்திரி ஒரு மணிக்குத் தெரிய வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

அங்கே போனபின் ஒரே ஒரு விதி: தப்பான ரயிலில் ஏறினால் இரண்டு நிலையம் வரை ஆசிரியர் பேசக்கூடாது. பெரும்பாலும் ஒரு நிலையத்திலேயே ஏதோ ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். இதற்காக ஒவ்வொரு இடத்துக்கும் 40 நிமிடம் கூடுதலாக வைத்துத் திட்டம் போடுங்கள். நெருக்கியடித்துப் போட்ட திட்டத்தில் ஆசிரியரால் பொறுமையாக இருக்கவே முடியாது.

காசு: மதியச் சாப்பாட்டு பஃபேயை இரண்டு நாளாவது ரத்து செய்து, அந்தப் பணத்தைத் தலைக்கு 12 வெள்ளி வீதம் குழுவிடம் கொடுங்கள். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர், அங்கே தமிழில் அப்படித்தான் சொல்வார்கள். ஆறு பேருக்கு 72 வெள்ளி. சாப்பாடு, குடிக்க ஏதாவது, எல்லாம் அதற்குள். ராத்திரி எட்டரைக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும், மிச்சம் மறுநாளுக்கு. ஒரு வெள்ளி கிட்டத்தட்ட 70 ரூபாய் என்று பெருக்கிப் பார்த்ததும் முதல் நாள் எதையும் வாங்கப் பயப்படுவார்கள், இரண்டாம் நாள் தலைகீழாகிவிடும். இரண்டையும் நடக்க விடுங்கள். காசு குறைந்துபோன குழுவுக்கு ஆசிரியர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் செய்ததெல்லாம் வீண். ராத்திரிச் சாப்பாடு எப்படியும் ஓட்டலில் இருக்கிறது, யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

விசா வரிசை

வளர்ச்சி பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். காகிதத்தில் கோட்டை விட்டால் பிள்ளை விமானமே ஏறாது, அதனால் இதை முதலில் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். ஒன்பது வயதில் எடுத்த பாஸ்போர்ட் சரியாகப் பதினான்கில் முடியும். சிங்கப்பூருக்கு 6 மாதம் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். "பாஸ்போர்ட் இருக்கு" என்று பெற்றோர் சொல்வதை நம்பாமல் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஜெராக்ஸ் வாங்கித் தேதியைப் பாருங்கள். புதிதாக எடுக்க 1,000 ரூபாய் கட்டணம், அனெக்சர் டி படிவத்தில் தாய் தந்தை இருவர் கையெழுத்தும் வேண்டும். பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலோ பிரிந்து வாழ்ந்தாலோ இது இழுத்துக்கொண்டே போகும். நான்கு மாதம் முன்னால் தொடங்குங்கள்.

அடுத்து நம் ஊர்ப் பெயர்ப் பிரச்சினை. பள்ளிப் பதிவேட்டில் எம். கவின், ஆதாரில் கவின் எம், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. டிக்கெட் போடுகிறவர் தன் போக்கில் முருகன் என்று சேர்த்துவிடுவார். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் இருக்க வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு எப்படிப் பதிவு செய்வது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. 36 பேரில் பத்துப் பேருக்காவது இப்படி இருக்கும், டிக்கெட் போடும் முன்பே தனிப் பட்டியல் எடுங்கள்.

விசா மின்விசா. அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக, படிவம் 14ஏ, வெள்ளைப் பின்னணியில் 35க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ. கட்டணம் 30 வெள்ளி, மறுத்தாலும் திரும்பாது. முகவர் கூலி தனி. வருகைத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் மனு போட முடியாது, அதனால் "விசா வந்ததும் டிக்கெட்" என்று காத்திருந்தால் விலை எகிறிவிடும். ஒரு குழுவில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் முடிவு தாமதமாவது சகஜம். பெற்றோரிடம் அதை எழுத்தில் சொல்லிவைத்துவிடுங்கள். இரு பெற்றோரும் கையெழுத்திட்டு நோட்டரி செய்த ஒப்புதல் கடிதம், பள்ளியின் கடிதம், இரண்டிலும் மூன்று நகல் கையில் இருக்கட்டும்.

எஸ்ஜி (சிங்கப்பூர்) வருகை அட்டை என்று ஒன்று இருக்கிறது. விசா வேறு, இது வேறு. இறங்கும் முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி. இதை ஏற்பாட்டாளர் தலையில் கட்டாமல் கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகளையே நிரப்ப வையுங்கள். தப்பு வரும் இடங்கள் தெரிந்தவைதான்: பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து, பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுவது, ஓட்டலின் ஆறு இலக்க அஞ்சல் எண் விட்டுப்போவது. பக்கத்தில் இருப்பவர் சரிபார்த்து, ஆசிரியர் ஒருமுறை பார்த்தபின் அனுப்பு பொத்தானை அழுத்தட்டும். வாழ்க்கையில் முதல் அரசாங்கப் படிவத்தைத் தானே நிரப்பினேன் என்பதும் ஒரு வளர்ச்சிதான்.

மருந்து: கோடீன் கலந்த இருமல் சிரப், தூக்க மாத்திரை வகையெல்லாம் அங்கே முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. மற்ற மாத்திரைகளும் அட்டையோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடு இருக்க வேண்டும். சூயிங் கம் வேண்டாம், அதன் இறக்குமதிக்கு 1992 முதல் தடை. இ-சிகரெட்டுக்கும் தடை, ஒன்பதாம் வகுப்புக்கு இது எதற்கு என்று நினைக்காமல் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

சுற்றுலாத் தொகுப்பில் டிசிஎஸ் என்று, பணம் கட்டும்போதே வசூலிக்கும் வருமான வரியாக, ஒரு தொகை பிடிப்பார்கள். அது பெற்றோரின் பான் எண்ணில் ஏறினால் வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுக்கலாம், பள்ளியின் பான் எண்ணில் மொத்தமாக ஏறினால் பெற்றோருக்குப் போச்சு. முன்பே பேசிவிடுங்கள்.

கேட்டுவைப்போமே

பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு கேள்வி. பதினான்கு வயசுப் பிள்ளைகளைத் தெரியாத ஊரில் தப்பான ரயிலில் ஏற விட்டு வேடிக்கை பார்ப்பது எந்த ஊர் நியாயம்? கதவு மூடும்போது ஒரு பிள்ளை உள்ளே, ஐந்து பிள்ளைகள் வெளியே என்று ஆனால்? அப்புறம் ஆறு குழுவுக்கு நான்கு ஆசிரியர் எப்படிப் போதும்?

நடைவண்டி

சரியான கேள்வி, ஆசிரியர் எண்ணிக்கையை நான் சொல்லாமல் விட்டது தப்பு. ஆறு குழுவும் ஒரே நேரத்தில் கிளம்பக் கூடாது. காலையில் மூன்று குழு ரயில் வேலைக்குப் போகும், குழுவுக்கு ஒரு ஆசிரியர் பின்னால். மற்ற மூன்று குழு, அதாவது 18 பேர், ஒரே இடத்தில் நான்காவது ஆசிரியரோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் இருக்கும். அருங்காட்சியகம் மாதிரி ஒரே வாசல் உள்ள இடமாகப் பாருங்கள். மதியம் மாற்றிக்கொள்ளலாம். நான்கு பேரில் ஒருவர் காய்ச்சல் பிள்ளையோடு ஓட்டலில் உட்கார நேர்ந்தால் இதுவும் கவிழும், அதனால் ஐந்தாவதாக ஒரு பெரியவரைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள்.

கதவு விஷயத்துக்கு எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டிய ஏற்பாடு: ரயிலுக்குள் மாட்டியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். திரும்பி வரக் கூடாது. வெளியே நிற்பவர்கள் அடுத்த ரயிலில் ஆசிரியரோடு அங்கே போய்ச் சேர்வார்கள். இரண்டு பக்கமும் நகர்ந்தால்தான் ஆள் தொலைவது. ஊர் பெரிதாக இருப்பதால் யாரும் தொலைவதில்லை. சென்னை மெட்ரோ ஒத்திகையில் இதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். கூடவே ஒவ்வொரு கழுத்திலும் அட்டை: ஓட்டல் பெயர், முகவரி, ஆசிரியர் எண்கள், போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம்.

தேக்கா வாசி

சிங்கப்பூரிலிருந்து. சில திருத்தமும் சில யோசனையும்.

பயண அட்டை தலைக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் நுழைய முடியாது. பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணத்தைப் பிடித்துவிடும். ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை. நகரும் படியில் இடப்பக்கம் நிற்க வேண்டும், வலப்பக்கம் நடப்பவர்களுக்கு. 36 பேர் அதை அடைத்துக்கொண்டு நின்றால் யாரும் திட்ட மாட்டார்கள், முறைப்பார்கள்.

மதிய பஃபேயை ரத்து செய்யச் சொன்னது நல்ல யோசனை. அதற்குப் பதில் உணவங்காடி நிலையத்துக்கு, அதாவது பல சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்கு, அழைத்துப் போங்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்தில் சைவமும் கிடைக்கும், பிரியாணியும் கிடைக்கும், 12 வெள்ளி தாராளம். உட்கார இடம் தேடும்போது மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தால் அது காலி மேசை இல்லை, யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தூக்கிப் போய்த் திருப்பி வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் இது சட்டம். வைக்கும் இடத்தில் பல நிலையங்களில் ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு இருக்கும். அதைப் படித்துப் பார்த்து வைப்பது பிள்ளைகளுக்கு நல்ல பாடம்: பக்கத்து மேசைக்காரரின் நம்பிக்கையை மதிப்பது இவ்வளவு சின்ன வேலையில் இருக்கிறது. ஒரு பிள்ளை ஆறு பேர் தட்டையும் சேர்த்து எடுத்துப் போக விடாதீர்கள், அவரவர் தட்டை அவரவர்.

பார்க்கும் இடங்களில் மரினா பராஜைச் சேருங்கள். அனுமதி இலவசம், கார்டன்ஸ் பை தி பே ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 2008-இல் திறந்தது. கடல் வாயில் 350 மீட்டர் அகலத்துக்கு அணை கட்டி, ஒன்பது மதகு வைத்து, உப்பங்கழியை நன்னீர்த் தேக்கமாக்கியிருக்கிறார்கள். கடல் வற்றியிருக்கும்போது மழை பெய்தால் மதகைத் தாழ்த்தி வெள்ளத்தை வெளியே விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் மதகு திறக்க முடியாது, அப்போது ஏழு ராட்சத பம்புகள் நீரை வெளியே தள்ளும். சென்னைப் பிள்ளைகளுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. 2019-இல் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஊர். அங்கே ஒரே ஒரு கேள்வி கொடுங்கள்: சிங்கப்பூர் எத்தனை வழியில் தண்ணீர் பெறுகிறது? விடை நான்கு: மழைநீர்த் தேக்கம், பக்கத்து மலேசியாவின் ஜொகூரிலிருந்து வாங்குவது, மறுசுத்திகரிப்பு செய்த நியூவாட்டர், கடல்நீர் சுத்திகரிப்பு. ஜொகூர் ஒப்பந்தம் 1962-இல் போட்டது, 2061-இல் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று பிள்ளைகளே கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்று தமிழ். இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் அதுவும் ஒன்று. அறிவிப்புப் பலகைகளில் கண்ணில் படும் தமிழை எழுதிவரச் சொல்லுங்கள், குழுவுக்கு இருபது. பெருவிரைவு ரயில், உணவங்காடி நிலையம் போல நம் ஊரில் புழங்காத சொற்கள் கிடைக்கும். தமிழ் பேசினால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற வயசு அது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும் அதே நாளில் பார்க்கலாம். தைப்பூசத்தை ஒட்டி வந்தால் சிராங்கூன் சாலையில் கூட்டம் பிதுங்கும், அன்று ரயில் வேலை வைக்காதீர்கள்.

உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சந்திக்க வைக்கும் எண்ணம் இருந்தால் ஜனவரிக் கடைசி தோதான காலம். ஜூனிலும் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் கடைசி வரையும் இங்கே விடுமுறை. ஜனவரியில் மழை இருக்கும், மடக்குக் குடை கட்டாயம். முஸ்தபாவில் ஒரு மணி நேரம் என்று சொல்லி உள்ளே விட்டால் மூன்று மணி நேரம் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தடி

பள்ளி ஆலோசகர் பக்கமிருந்து மூன்று விஷயம்.

வீட்டு ஏக்கம்: இது பெரும்பாலும் முதல் ராத்திரியும் இரண்டாம் ராத்திரியும் வரும், அநேகமாகப் படுக்கப் போகும் நேரத்தில். அந்த நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுப்பதுதான் பலரும் செய்வது. அம்மா குரல் கேட்டதும் அடங்கியிருந்த அழுகை பொங்கும், அங்கே அம்மாவும் அழுவார், பிறகு இரண்டு மணி வரை யாருக்கும் தூக்கம் இருக்காது. போனை முன்மாலைக்கு வையுங்கள், சாப்பாட்டுக்கு முன், ஐந்து நிமிடம், இறங்கிய அன்றும் மூன்றாம் நாளும். அழுகிற பிள்ளையிடம் "அழாதே, இதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பதைவிட, "வீட்டுல இந்நேரம் என்ன நடந்துட்டு இருக்கும்?" என்று கேட்டுப் பேச விட்டு, பிறகு மறுநாளுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். காலையில் எல்லோரையும் எழுப்பும் வேலை நன்றாகப் பலிக்கும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு நாளுக்கு ஒரே ஒரு பதிவு. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இந்திய நேரம் ஒன்பது மணிக்குப் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டால் ஆசிரியர் அங்கே பதினொன்றரை வரை விழித்திருக்க வேண்டும். ஏழு மணி என்று சொல்லிவிடுங்கள்.

மாதவிடாய், ராத்திரி படுக்கை நனைவது, ஆஸ்துமா, ஒவ்வாமை எல்லாவற்றையும் மூடிய உறையில் பெற்றோரிடமிருந்து வாங்கி ஒரே ஒரு ஆசிரியை வைத்துக்கொள்ளட்டும். அறைப் பங்கீடு இதைப் பார்த்தபின்தான். ஒரே அறையில் மூன்று பேர் என்றால் இரண்டுக்கு ஒன்று என்று பிரிவது கிட்டத்தட்ட நிச்சயம். இரண்டு பேர் அல்லது நான்கு பேர் நல்லது.

கணிப்பது: பயணம் முடிந்த மறுநாள் "உனக்குத் தன்னம்பிக்கை கூடியதா?" என்று படிவம் கொடுத்தால் 36 பேரும் ஆமாம் என்பார்கள். அது பயண மயக்கம், கணக்கில் வராது. கண்ணால் பார்க்கக்கூடிய ஆறு செயலைத் தேர்ந்தெடுங்கள்: தெரியாதவரிடம் கேட்பது, தன் பொருளைத் தொலைக்காமல் வைத்திருப்பது, நேரத்துக்கு வருவது, பிடிக்காத சாப்பாட்டைச் சுவைத்தாவது பார்ப்பது, குழுச் சண்டையை ஆசிரியரிடம் கொண்டுவராமல் தீர்ப்பது, காசுக் கணக்கு ஒப்படைப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. சொல்லியும் செய்யவில்லை என்றால் 0, யாராவது கூட நின்று செய்தால் 1, நினைவூட்டினால் செய்கிறது என்றால் 2, தானாகச் செய்தால் 3. சென்னை மெட்ரோ ஒத்திகையன்று ஒருமுறை, பயணத்தின் இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும், திரும்பி ஆறு வாரம் கழித்து ஒருமுறை. ஒரே ஆசிரியர் ஒரே குழுவுக்குப் போட வேண்டும், ஆள் மாறினால் எண்ணும் மாறும்.

அந்த ஆறாவது வாரக் கணக்கில் பல பிள்ளைகள் இறங்கியிருப்பார்கள். காரணம் பிள்ளைகளிடம் இல்லை: வீட்டில் மறுபடி அம்மா எழுப்புகிறார், அப்பா பையைத் தூக்குகிறார். பயணத்துக்கு முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்திலேயே, திரும்பி வந்ததும் வீட்டில் எந்த ஒரு வேலையை நிரந்தரமாகப் பிள்ளையிடம் விடப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்கட்டும். மின்கட்டணம் கட்டுவது, வார மளிகை வாங்கி வருவது, அலாரம் வைத்துத் தானே எழுவது, ஏதோ ஒன்று. ஆறாவது வாரம் பெற்றோரிடம் "மாறினானா?" என்று கேட்காமல் "போன வாரம் எத்தனை நாள் நீங்கள் எழுப்பினீர்கள்?" என்று கேளுங்கள்.

பள்ளியில் இன்னொன்று செய்யலாம். போக முடியாத பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்களே, அவர்கள் முன்னால் போட்டோ காட்டுவதை விட்டுவிட்டு, கலந்த குழுக்களாகப் பள்ளித் தண்ணீர்க் கணக்கு எடுக்க வையுங்கள். ஒழுகும் குழாயின் கீழே ஒரு லிட்டர் பாட்டில் வைத்து நேரம் பார்க்க வேண்டும். 40 நிமிடத்தில் நிறைந்தால் நாளுக்கு 36 லிட்டர். பராஜைப் பார்த்துவந்த பிள்ளைக்கு அங்கே சொல்ல ஒரு விஷயம் இருக்கும், போகாத பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கும்.

செம்பருத்தி டீச்சர்

நன்றி எல்லோருக்கும். பாஸ்போர்ட் தேதியை இன்று பார்த்தேன், 36 பேரில் ஏழு பேருக்கு ஆறு மாதம் தேறாது. யூனிவர்சலையும் செந்தோசாவையும் ஒரே நாளாக்க ஏற்பாட்டாளர் ஒத்துக்கொண்டார், பராஜ் சேர்ந்தாயிற்று. ஐந்தாவது ஆளாக உடற்கல்வி ஆசிரியையைக் கேட்டிருக்கிறேன். ஒரே சந்தேகம்: குழுவுக்கு ஒரு போன் என்று முடிவு செய்திருக்கிறோம். ரோமிங்கா, அங்கே போய் சிம் வாங்குவதா?

விசா வரிசை

ஆறு போனுக்கு ஐந்து நாள் என்றால் அங்கே சுற்றுலாப் பயணி சிம் வாங்குவதே பெரும்பாலும் மலிவு. பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், ஆசிரியர்கள் பெயரில் பிரித்து வாங்குங்கள். புது எண் இறங்கியபின்தான் தெரியும் என்பதால் கழுத்து அட்டையில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அச்சடியுங்கள். லேமினேட் செய்துவிட்டால் பேனா எழுதாது, அழியாத மார்க்கர் இரண்டு கைப்பையில் இருக்கட்டும். பழைய இந்திய சிம்மைப் போனிலிருந்து கழற்றும் குட்டி ஊசியையும் மறக்காதீர்கள், கழற்றிய ஆறு சிம்மையும் பெயர் எழுதிய உறையில் போட்டு ஓட்டல் லாக்கரில் வையுங்கள்.